தலைக்கவசத்தின் உட்புறம்

அண்ணன் ஜப்பானிலிருந்து சேரன்மகாதேவிக்குத் திரும்பியபோது இரண்டைக் கொண்டுவந்தான். ஒன்று கணையத்தில் புற்றுநோய். மற்றது பழங்காலப் போர்வீரன் ஒருவனின் இரும்புத் தலைக்கவசம். முழுக் கவசம் வாங்க வசதியில்லை, தலையோடு நிறுத்திக்கொண்டேன் என்று சிரித்தான். பார்க்கக் கவிழ்த்த உருளி மாதிரி இருந்தது. பிடரியை மறைக்கத் தகடுகளைப் பட்டுக்கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

உள்ளே சிவப்பு அரக்குப் பூச்சு, அதன்மேல் கறுப்பில் ஒரு வரி. உடையவனின் பெயரும் ஊரும் என்றான். அந்த வம்சத்தாரைத் தேடிப்பிடித்து, தான் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அங்கே அவனோடு வேலை பார்த்தவர் தேடித்தர ஒப்புக்கொண்டிருந்தார். முன்பு எடுத்த படத்தில் எழுத்து கலங்கிக் கிடந்ததால் தெளிவாக ஒன்று கேட்டார். கட்டிலைவிட்டு எழ முடியாத அண்ணன் அந்த ஒரு வேலையை என்னிடம் விட்டான்.

மறுநாள் ஆயுத பூஜை. அரிவாள்மணை, மண்வெட்டி எல்லாம் துலக்கிக்கொண்டிருந்தேன். இதையும் துலக்கினால் படம் நன்றாக விழுமே என்று என் மூளை வேலை செய்தது. புளியும் ஆற்று மணலும் போட்டுத் தேய்த்து, போதாததற்கு உப்புத்தாளும் போட்டேன். பூச்சு பொருக்குப் பொருக்காக வந்தது. அழுக்கு என்றே நினைத்தேன். கழுவிப் பார்த்தால் இரும்பு பளபளக்கிறது, எழுத்தைக் காணோம். மடையன், அதற்குச் சந்தனம் குங்குமம் வேறு வைத்தேன்.

படம் அனுப்பியாயிற்று என்று அண்ணனிடம் சொன்னேன். பதில் வந்ததா என்று தினமும் கேட்டான். பத்தாம் நாள் பொறுக்கமாட்டாமல், வந்துவிட்டது, குடும்பம் அகப்பட்டுவிட்டது என்று அளந்தேன். அன்று இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தான். எனக்கு என்னைக் கண்டாலே வெறுப்பாக இருந்தது.

அடுத்த வாரம், கொடுக்கும்முன் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்றான். மறுக்க வழியில்லை. உட்புறம் தெரியாதபடி அவன் மடியில் வைத்தேன். அவன் நேரே உள்ளே கையை விட்டான். அந்த வரி இருந்த இடத்தை விரல்கள் பையத் தடவின.

"ஏலே, பதில் வந்துட்டுன்னு சொன்னியே?"

"ஆமாண்ணே."

"அவங்க என்ன பேரு சொன்னாவ?"

எனக்கு ஒரு ஜப்பான் பெயர்கூட வாயில் வரவில்லை.

அவன் கையை எடுத்துப் போர்வையில் துடைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் என் மனைவியைத்தான் கூப்பிட்டான்.