காலிப் பெட்டி காலியாகவே இருக்கட்டும்

பட்டன் அக்காவைக் கண்ணைக் கட்டிக் கடைக்குள் விட்டாலும், கேட்ட பட்டனை எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவார். பத்தடி அகலக் கடை. தரையிலிருந்து கூரைவரை ஆயிரத்துச் சொச்சம் அட்டைப் பெட்டிகள், எதிலும் ஓர் எழுத்து கிடையாது. எழுதியிருந்தாலும் நம்ப முடியாது. பெட்டி காலியாகக் கிடந்தால் அக்காவுக்கு ஆகாது. ஒரு சரக்கு தீர்ந்த மறுநிமிடமே வேறொன்றை அதில் கொட்டிவிடுவார். எது எங்கே என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது.

அந்தப் பெருமைக்கு ஒரு விலையும் இருந்தது. மகளின் முதல் பிரசவத்துக்குப் போனவர் மூன்றாம் நாளே திரும்பி ஓடிவந்தார். கடையில் தனியாக மாட்டிக்கொண்ட கணவர் மணிக்கு நாலு தரம் போன் செய்து, "ஏம்மா, அந்த நீலப் பட்டன் எங்க?" என்று பிடுங்கினால், யார்தான் பேத்தியைக் கொஞ்ச முடியும்? இப்போது மகளுக்கு மறுபடியும் மாதம் நெருங்கிவிட்டது. "இந்தத் தடவையும் மூணு நாள்தான்னா, வரவே வேணாம்மா," என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா பதிலுக்குக் கத்தியிருப்பார். மெதுவாகச் சொன்னாள். அதுதான் நெஞ்சைக் குடைந்தது.

பார்கோடு வந்தது அதனால்தான். ஒரு கம்ப்யூட்டர், லேபிள் அச்சடிக்கும் சின்ன மிஷின், துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிற ஸ்கேனர் எல்லாம் வந்து இறங்கின. மூன்று வாரம் இருவரும் மாங்கு மாங்கென்று உழைத்தார்கள். அக்கா சொல்லச் சொல்லக் கணவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெட்டிக்கு ஒரு லேபிள் ஒட்டினார். இனி பட்டன் பெயரைத் தட்டினால் எந்தத் தட்டு என்று திரை காட்டும். பெட்டியை ஸ்கேன் செய்தால் உள்ளே என்ன, எத்தனை என்று சொல்லும். அந்த 'பீப்' சத்தத்தின் மேல் கணவருக்கு அப்படியொரு மோகம். தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக்கூட ஸ்கேன் செய்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை ரயில். புதன்கிழமை ஒத்திகை வைத்தார்கள். அக்கா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. காலை முழுக்கக் கணவர் ஜமாய்த்தார். அக்காவுக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது.

மதியம் தையற்கடை அம்மா திரும்பி வந்தார். காலையில் வெள்ளைச் சீருடைக்கென்று முத்து நிறப் பட்டன் ஒரு பெட்டி வாங்கிப் போனவர். பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார். அத்தனையும் கறுப்பு, பெரிய பெரிய கோட்டுப் பட்டன்.

"இதை நர்சு சட்டைக்குத் தைக்கிறதா, இல்ல வண்டிக்குச் சக்கரமா மாட்டுறதா?"

"பீப்னு சரியாத்தாங்க சொல்லுச்சு," என்ற கணவரின் முகம் தொங்கிப்போனது. மிஷினை நம்பி, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்திருக்கிறார். அக்காவிடம் திரும்பினார். "டிக்கெட்ட கேன்சல் பண்ணிடலாமா? நீ இல்லாம இந்தக் கடை ஓடாதும்மா."

இருபது வருடமாக அக்கா கேட்க ஆசைப்பட்ட சொல். ஒரு நொடி தேனாக இனித்தது. அடுத்த நொடி மகளின் மெல்லிய குரல் நினைவுக்கு வந்தது. பெட்டியைப் புரட்டிப் பார்த்தார், விஷயம் விளங்கிவிட்டது. திங்கட்கிழமை அவசரமாக வந்த ஒருவருக்கு முத்துப் பட்டன் மொத்தத்தையும் ஸ்கேன் செய்யாமல் அள்ளிக் கொடுத்தது அவரேதான். காலிப் பெட்டி கண்ணை உறுத்தவே, கோட்டுப் பட்டனைக் கொட்டியதும் அவரேதான். தன் கையே தன் கண்ணைக் குத்தியிருந்தது.

"மிஷின் மேல தப்பில்லங்க. நான்தான்," என்றார். சொல்லி முடிப்பதற்குள் காது சிவந்துவிட்டது.

தையற்கடை அம்மாவுக்கு யானைத்தந்த நிறப் பட்டனைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள். மறுநாள் எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்த்தபோது, ஒரே வாரத்தில் அக்கா இப்படி இடம் மாற்றிய பெட்டிகள் பதினொன்று அகப்பட்டன. ஒவ்வொன்றையும் காலிசெய்து, காலியாகவே தட்டில் வைத்தார். கை பரபரத்தது. முந்தானையில் முடிந்துகொள்ளாத குறையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பேரன் பிறந்தான். ஒன்பது நாள் போன் அடிக்கவே இல்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஆற அமர மகளோடு பேசினார் அக்கா. ஆனாலும் பத்தாம் நாள் கணவரின் எண் தெரிந்ததும் பாய்ந்து எடுத்தார்.

"எந்தப் பட்டன்?"

"பட்டனெல்லாம் இருக்கு. சர்க்கரை எங்கம்மா வெச்ச?"

"மேல்தட்டுல, மிளகுத்தூள் டப்பால."

"அப்ப மிளகுத்தூள்?"

"உப்பு டப்பால."

மறுமுனையில் டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "லேபிள் ரோல் ஒண்ணு மிச்சம் இருக்கு. அடுப்படிக்கும் ஒட்டிடட்டுமா?"

"என் அடுப்படில கைய வெச்சுப் பாருங்க, அடுத்த ரயில்லயே வந்து நிப்பேன்!"

"அப்ப ஒட்டிடறேன்," என்றார் கணவர்.