காத்துக் குழாயும் குடிக்காத காப்பியும்

அரபு நாட்டுல எங்க ஸர்க்கா ஊர்ல இன்ஸாஃபைத் தெரியாத பொம்பளை கிடையாது. ஆம்பளைங்கதான் தெரியாத மாதிரி நடிப்பாங்க. பொம்பளை பிளம்பர்னா அவங்களுக்கு அவ்வளவு கூச்சம்.

அவ புருஷன் லாரி ஓட்டுறவர், குவைத் பக்கம் போனா பத்து நாள் ஆகும். அப்படிப் போனப்ப வீட்டுக் குழாய் உடைஞ்சுது. ஆம்பளை இல்லாத வீட்டுக்குள்ள பிளம்பர் எப்படி வருவான்? நாலு நாள் வாளி வாளியாப் பிடிச்சுக் கொட்டினவ, அஞ்சாம் நாள் பிளம்பர் பயிற்சி வகுப்புல போய்ச் சேர்ந்துட்டா. இப்ப எங்க தெருவுல பகல்ல எந்த வீட்டுல அடைச்சாலும் அவதான்.

என் கதைக்கு வர்றேன். என் மக ஸீரீனைப் பெண் கேட்டு வெள்ளிக்கிழமை முப்பது ஆம்பளைங்க வர்றதா இருந்துச்சு. வீட்டு மானமே குளியலறையிலதான் இருக்குன்னு என் புருஷன் முன்திருக்கு யார் சொன்னாங்களோ, பழசை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டினாரு. மூலையில சாக்கடையிலேருந்து மேல போன காத்துக் குழாய் டைல்ஸ் அழகைக் கெடுக்குதாம், அதை வெட்டி எறிஞ்சுட்டாரு. அன்னையிலேருந்து மாடி வீட்டுல தண்ணி ஊத்தினா எங்க தரை ஓட்டை 'குபுக் குபுக்'னு கத்தும், அப்புறம் ஒரு நாத்தம் வரும் பாருங்க, குடலைப் பிடுங்கும். மனுஷன் சாம்பிராணி போட்டாரு. நாத்தமும் சாம்பிராணியும் கைகோத்து வரவேற்பறை வரைக்கும் வந்துச்சு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இன்ஸாஃபைக் கூப்பிட்டேன். அவ அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முன்திரைப் பாத்துச் சிரிச்சா.

"ஆலிவ் எண்ணெய் டின்னுல ஒரே ஓட்டை போட்டுச் சாய்ச்சிருக்கீங்களாண்ணே? குபுக் குபுக்குன்னு தடுமாறும்ல? இன்னொரு ஓட்டை போட்டாத்தான் ஒழுங்கா ஊத்தும். சாக்கடையும் மூச்சு விடணும். மூச்சு கிடைக்கலைன்னா தரை ஓட்டையில நாத்தத்தைத் தடுக்க நிக்கிற தண்ணியை உறிஞ்சிடும். ரெண்டு வரிசை டைல்ஸை எடுத்துட்டு, மொட்டை மாடிக்கு மேல வரைக்கும் குழாய் ஏத்தணும்."

"டைல்ஸ்ல கை வச்சே, நடக்கறதே வேற!" முன்திர் குதிச்சாரு. "டைல்ஸ் போட்டவன் ஆம்பளை, அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு, சாம்பிராணித் தட்டை அவர் தலையிலயே கவுத்திருப்பேன். இன்ஸாஃப் நான் கொடுத்த காப்பியை வாங்கினா. குடிக்காம, மெதுவாத் தரையில வச்சா.

முன்திர் முகம் வெளுத்துப் போச்சு. எங்க ஊர் வழக்கத்துல பெண் கேட்டு வர்ற பெரியவர்தான் அப்படி வைப்பாரு. கேட்டதுக்குச் சரின்னு சொன்னாத்தான் எடுத்துக் குடிப்பாரு. குடிக்காம எழுந்து போயிட்டா அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை.

"ஏம்மா, இதுக்குப் போயா?"

"கேட்டது கிடைச்சாக் குடிக்கிறேண்ணே. இல்லைன்னா பக்கத்து வீட்டுல குடிச்சுக்கறேன். ஏன்னு கேப்பாங்க, சொல்றேன்."

"சரி தாயே, சரி! குடிச்சுத் தொலை!"

ரெண்டு நாள்ல குழாய் மேல ஏறிடுச்சு.

வெள்ளிக்கிழமை முப்பது பேரும் வந்தாங்க. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஹாஜி அவ்வாத் காப்பியைக் கீழ வச்சாரு. ஒரு ஈ பறந்தாக் கேக்கும், அப்படி ஒரு அமைதி. அந்த நேரம் பாத்தா மாடி வீட்டுக்காரி தண்ணி ஊத்துவா? கதவுக்குப் பின்னால நானும் ஸீரீனும் கையைப் பிடிச்சுக்கிட்டோம். ஒரு சத்தம் இல்லை. ஹாஜி கேட்டாரு, இவர் சரின்னாரு, காப்பி உள்ள போச்சு. நான் அழுதுட்டேன்.

அப்புறம் ஹாஜி தொழுகைக்குக் கைகால் கழுவிட்டு வந்து, "எங்க வீட்டுல மாடியில தண்ணி ஊத்தினா கீழ ஹூக்கா குடிக்கிற சத்தம். உங்க வீடு கப்சிப்னு இருக்கே! யாரு வேலை?"ன்னாரு.

"தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தர்"ன்னாரு என் உத்தமர்.

அடுக்களையில எனக்கு ஒத்தாசையா இனிப்பு அடுக்கிட்டிருந்த இன்ஸாஃப் கை நின்னுடுச்சு. அவ முகத்தை என்னால பாக்க முடியலை.

சந்தோஷத்துல முன்திர் தன் கையாலேயே அவளுக்கு ஒரு காப்பி கொண்டாந்து கொடுத்தாரு. அவ வாங்கிக் கீழ வச்சா.

"இப்ப என்னம்மா வேணும்?"

"என் பேரு."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளாம். இவர் புளுகு எட்டு நிமிஷம் தாங்கலை.  நேரா வரவேற்பறைக்குப் போய்த் தொண்டையைக் கனைச்சாரு.

"ஹாஜி, நான் பொய் சொல்லிட்டேன். செஞ்சது எங்க தெரு இன்ஸாஃப். நான் வெட்டி எறிஞ்சதை அவதான் சரி பண்ணினா."

முப்பது பேரும் ஹாஜியைப் பாத்தாங்க. அவர், "அந்தப் பொண்ணு நம்பரைக் குடுங்க"ன்னாரு.

காப்பி ஆறிப்போயிருந்துச்சு. சூடு பண்ணித் தர்றேன்னேன். வேண்டாம்னுட்டு, அதையே ஒரு சொட்டு விடாமக் குடிச்சா.