அவன் வாங்கிய மீட்டர்

யுத்தம் முடிந்த சமயம். மதுரையில் ஒரே ரேடியோக் கடையில் வேலை கற்றுக்கொண்ட நானும் என் சேக்காளியும், ஒரே தெருவில் எதிரும் புதிருமாகத் தனிக் கடை போட்டிருந்தோம். ஆறு மாதம் ஒரு வம்பும் இல்லை. அதன்பிறகு அவன் மின்சாரம் அளக்கிற சீமை மீட்டர் ஒன்றை வாங்கினான்.

அதே மாதம் நானும் ஒன்று வாங்கியிருந்தேன், தகரப் பெட்டியில் இருந்த மலிவுச் சரக்கு. அவன் கொடுத்த விலைக்கு என்னுடையதைப் போல மூன்று வாங்கலாம். அவன் மேஜையில் அது கறுப்பாக மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை என்றுகூடச் சொல்வேன்.

இரண்டும் முள் ஆடுகிற பெட்டிதானே, மூன்று மடங்கு விலை எதற்கு, பெயருக்கா என்று வெற்றிலைக் கடை வாசலில் வைத்தே கேட்டுவிட்டேன். தெரு கூடியது. அவன் மீட்டரையும் கொண்டுவரச் சொல்லி, டார்ச் லைட்டு பேட்டரி ஒன்றை வைத்து இரண்டிலும் அளந்து காட்டினேன். இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுத் தன் கடைக்குள் போய்விட்டான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

அடுத்த வாரம் செல்லூரிலிருந்து தறிக்காரர் ஒருவர் தன் ரேடியோவைக் கொண்டுவந்தார். பாட்டு முனகலாகக் கேட்டது. இதைச் சரிசெய்து கொடுத்தால் சொந்தக்காரர்கள் வீட்டு ரேடியோக்களையும் என்னிடமே விடச் சொல்வதாகச் சொன்னார். எனக்கு அப்போது அப்படியொரு ஆள்தான் வேண்டியிருந்தது. ரேடியோவுக்குள் கண்ணாடிக் குமிழாக இருக்கும் வால்வின் காலில் மீட்டரை வைத்தேன். நூறு வோல்ட் வரவேண்டிய இடத்தில் முள் நாற்பதைத் தாண்டவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். ரெசிஸ்டன்ஸை மாற்றினேன், நாற்பது. கண்டன்சரை மாற்றினேன், நாற்பது. என் கைக்காசில் புது வால்வே போட்டுப் பார்த்தேன். அதே நாற்பது, அதே முனகல். ஐந்தாம் நாள் தறிக்காரர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்.

அரை மணி நேரத்தில் அங்கே பாட்டு கணீரென்று கேட்டது. ஸ்பீக்கருக்குப் போகிற கம்பியில் ஈயப் பற்று விட்டிருந்ததாம். வேறெதுவும் இல்லை.

மத்தியானம் அவனே அந்தக் கறுப்பு மீட்டரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த என் சொந்த ரேடியோவைத் திறந்து, வால்வின் அதே காலில் முதலில் என் மீட்டரை வைத்தான். நாற்பது. தன்னுடையதை வைத்தான். தொண்ணூற்றைந்து.

"மாப்ள, ஒன் மீட்டரு அளக்குறப்பவே கரண்ட்ட அது குடிச்சுருது. பேட்டரியில தெரியாது, கம்மாயில ஒரு சொம்பு மோந்த மாதிரி. வால்வுக்கு வாரதே ஒரு சொம்புதான்டா, அதுல போயி மோந்தா என்ன மிஞ்சும்?" என்றான்.

மூன்று மடங்கு விலை நியாயம்தான் என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. அதைவிட வேறொன்று உறுத்தியது. வெற்றிலைக் கடை வாசலில் அளந்த அன்றே இது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். அம்புட்டுப் பேரு நின்னாங்க. அவங்க முன்னாடி என்னத்தச் சொல்ல?"

மீட்டர் தேவைப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதை என் மேஜையிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

இரண்டு வருஷம் கழித்து அதே கம்பெனி மீட்டரை நானும் வாங்கினேன். பொறாமை தீரவில்லை. அன்று அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் வெற்றிலைக் கடை வாசலிலேயே சொல்லியிருப்பேன், அதுவும் உரக்க.