பதினோராவது உதை

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது பகல் பன்னிரண்டு மணிக்கு, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். சத்தியம் செய்து கெஞ்ச எனக்கு நேரமில்லை. நான் கைக்குழந்தைக்காரி.

என் பெயர் பிரமிளா. ஈப்போ பக்கம் லகாட் என்ற ஊரைத் தாண்டிப் போனால் ஒரு பழைய ரப்பர் தோட்டம் வரும். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை இடித்துவிட்டுக் கட்டிக்கொடுத்த மலிவு வீடுகளில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். கணவர் சுரேனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நானும் என் மாமியார் வீரம்மாவும் மட்டும். இது நடந்து நாலு மாதம் ஆகிறது. அப்போது எனக்கு முப்பத்தாறு வாரம். அதற்கு முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. அதனால் இந்தப் பிள்ளை விஷயத்தில் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்துக்குள் ஓர் அட்டை இருக்கும். காலை ஒன்பது மணியிலிருந்து பிள்ளை உதைப்பதை எண்ணி, ஒவ்வொரு உதைக்கும் ஒரு கோடு போட வேண்டும். மொத்தம் பத்து. என் பிள்ளை சுறுசுறுப்பு. தினமும் பத்து மணிக்குள் பத்தையும் முடித்துவிடும். அன்றைக்கு 11.40 ஆகியும் மூன்றுதான். ஜில்லென்று மைலோ குடித்தேன். இடது பக்கம் படுத்துப் பார்த்தேன். வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை.

கார் சாவி ஆணியில் இல்லை.

"சாவி எங்க அத்தை?"

"உச்சி நேரம்மா. புள்ளத்தாச்சி இப்ப பாலத்தத் தாண்டக்கூடாது. ஒரு மணிக்கு மேல போலாம்."

"உள்ள இருக்கிறது ஒரு மணி வரைக்கும் தாங்குமா? நீங்க காரண்டி குடுப்பீங்களா?"

"ராத்திரி ஒம்பது வரைக்கும் எண்ணலாம்னு அட்டையிலயே போட்டிருக்குலா. புள்ள தூங்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உச்சி நேரம், பாலத்துப் பேய்... கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே பாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இருக்கும் அந்தப் பாலத்தை அத்தையும் உச்சி நேரத்தில் தாண்டவே மாட்டார். கைலி மடிப்பில் சாவியைச் செருகியிருந்தார். பிடுங்கினேன். ஆறு வருஷத்தில் அவரிடம் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை. ஈப்போவிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து திரும்புவதற்குள் நானே போய்ச் சேர்ந்துவிடலாம். 12.03க்கு மைவி காரைக் கிளப்பினேன்.

இரண்டு பக்கமும் செம்பனை. ரோட்டில் ஓர் ஆள் இல்லை. ஏர்கோனை முழுசாக வைத்தும் வேர்த்துக் கொட்டியது.

12.07.

தொம்.

உதை! இடுப்புக்குப் பின்பக்கம், நன்றாக அழுத்தி ஓர் உதை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நாலு!" என்று கத்தினேன்.

தொம். ஐந்து.

தொம். தொம். ஏழு. 12.11.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மானம் போகப் போகிறதே என்றுகூட நினைத்தேன். சும்மா தூங்கின பிள்ளைக்காக மாமியாரிடம் சண்டை வேறு. எட்டு... ஒன்பது...

பாலத்துக்குப் பக்கத்தில் பத்தாவது உதை. மணி 12.14.

கணக்கு சரியாகிவிட்டது. வண்டியை ஓரம் கட்டினேன். வீட்டுக்குத் திரும்பலாம் என்று சிக்னல் போட்டேன்.

டிக்... டிக்... டிக்...

ஒரு கையை வயிற்றில் வைத்தேன். சும்மாதான் வைத்தேன். தடவிக்கொடுக்க.

வயிறு கல்லாக இருந்தது. அசைவே இல்லை.

தொம்.

பதினொன்று. வயிற்றில் வைத்த கைக்கு ஒன்றும் தெரியவில்லை. முதுகுக்குத் தெரிந்தது. என் சீட் குலுங்கியது.

உதை உள்ளேயிருந்து வரவில்லை...

பின்னாலிருந்து வந்தது.

கண்ணாடியைப் பார்த்தேன். பின் சீட் காலி.

"அக்கா..."

சின்னப் பெண்ணின் குரல். என் காதுக்குப் பக்கத்தில்.

"அக்கா... உதைக்குதுல்ல... வூட்டுக்குப் போலாம்..."

பயந்தேன், மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் நான். மூன்றாவதை ஒரு பேய்க்குக் கொடுப்பேனா?

"உதைடி!" என்று கத்தினேன். "எவ்வளவு வேணுமோ உதைச்சுக்கோ! உன் உதை என் கணக்குல வராது!"

சிக்னலை அணைத்தேன். பாலத்தில் ஏறினேன்.

தொம். தொம். தொம். தொம்.

"வூட்டுக்குப் போலாம்க்கா..."

"போக மாட்டேன்!"

தொம். தொம். தொம்...

பிறகு அழுகை. அடி வாங்கின பிள்ளை விம்முமே, அந்த மாதிரி...

லகாட் சிக்னல் லைட். 12.24. பக்கத்தில் ஒரு லோரி வந்து நின்றது. எல்லாம் சட்டென்று நின்றுபோனது.

12.41க்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் வயிற்றில் பெல்ட்டைக் கட்டி மெஷினைப் பார்த்தார். டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே இருந்ததாம். அறுத்துத்தான் எடுத்தார்கள். 1.19க்கு என் மகள் பிறந்தாள். முதலில் அழவில்லை. பிறகு ஆஸ்பத்திரியே அதிர அழுதாள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சுரேன் காரைத் துடைக்கப் போனவர், துணியும் கையுமாகத் திரும்பி வந்தார்.

"யார் புள்ளய கார்ல ஏத்துன?"

போய்ப் பார்த்தேன். டிரைவர் சீட்டின் முதுகுப்பக்கம் முழுவதும் கால் தடங்கள். ஏழெட்டு வயசுப் பிள்ளையின் வெறுங்கால். செம்மண் கால். எங்கள் ரோட்டுக்குத் தார் போட்டு முப்பது வருஷம் ஆகிறது.

அத்தையும் பின்னாலேயே வந்து பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுபத்தொண்ணுல எனக்கு எட்டு வயசு," என்றார். "எங்க நல்லம்மாக்காவுக்கு ஒம்போது மாசம். புள்ள அசையலன்னு தோட்டத்து ஜீப்ல ஏத்துனாங்க. தொணைக்கு நானும் ஏறுனேன். அக்கா முன்னால, நான் பின்னால. பசி. வூட்டுக்குப் போவணும்னு அக்கா சீட்ட உதைச்சிகிட்டே வந்தேன். பாலத்துக்கிட்ட அக்கா சிரிச்சிச்சு. 'புள்ள உதைக்குது, வண்டியத் திருப்புங்க'ன்னுச்சு."

அத்தை கைலியை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டார்.

"மறுநாள் ரெண்டு உசுரும் போச்சு. உச்சி நேரத்துல பாலத்துப் பேய் அடிச்சிருச்சுன்னு தோட்டமே சொல்லுச்சு. நானும் அப்படியே சொல்லிட்டேன். இன்னைக்கு வரைக்கும்..."

ஐம்பது வருஷத்துக்கும் மேலாக எத்தனை கர்ப்பிணிகளை அந்தப் பேயைச் சொல்லி வீட்டிலேயே உட்கார வைத்திருப்பார்கள்! கேட்டுவிட்டேன்.

"நான் கெளம்பினப்புறம் நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க அத்தை?"

"நாக்காலியில உக்காந்தேன். கண்ணு சொக்கிருச்சு. அழுதுகிட்டே முழிச்சேன். கடியாரத்துல 12.24. காலு ரெண்டும் அப்படி ஒரு வலி..."

நல்லம்மாள் பேயாக வந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். வந்தது செத்தவள் இல்லை. இதோ, உயிரோடு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறவரின் எட்டு வயசு.

போன வெள்ளிக்கிழமை மகளுக்கு ஊசி. வேண்டுமென்றே உச்சி நேரத்தில் கிளம்பினேன். "நீங்களும் வாங்க" என்றேன். அத்தை முதலில் தயங்கினார். பிறகு வந்து எனக்குப் பின்னால் ஏறினார். மகள் அவருக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். வழியில் ஒரு தடவைகூடக் கீழே விடவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

பாலம் வந்தது. 12.14.

தொம்.

அத்தையின் கால் மடக்கியபடியே இருக்க, என் சீட் குலுங்கியது.

நான் வண்டியைத் திருப்பவில்லை.