கிருஷ்ணம்மாளின் அட்டை மிஷின்

கிருஷ்ணம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கல்கத்தா டல்ஹௌசியில் அவள் வேலை பார்த்த மத்திய அரசு அலுவலகத்தில் இது எல்லாருக்கும் தெரியும். பஞ்ச் செக்‌ஷனில் பதினைந்து மிஷின்கள் ஒரே நேரத்தில் தடதடக்கும் இரைச்சலில் அவள் உதடு அசைவது மட்டும் தெரியும். என்ன சொல்கிறாள் என்று கேட்க எதிரே நிற்கும் அதிகாரி குனிவார். நிமிரும்போது அந்த முகத்தில் ஈயாடாது.

அவள் அப்பா கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், கிதிர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கிருஷ்ணம்மாள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கல்கத்தாவில்தான். 1966-இல், பத்தொன்பது வயதில், பஞ்ச் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தாள். காகிதத்தில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் பார்த்துக்கொண்டே தடித்த அட்டைகளில் துளை போட வேண்டும். அந்தத் துளைகளைத்தான் பட்டியல் போடும் பெரிய மிஷின் படிக்கும்; பின்னால் வந்த கம்ப்யூட்டரும் அதே அட்டையைத்தான் படித்தது. கணவர் பெத்துராஜுக்கு லேக் மார்க்கெட்டில் புளி, அப்பளம், காப்பித்தூள் விற்கும் மளிகைக் கடை. லேக் கார்டன்ஸில் வாடகை வீடு. பிள்ளை இல்லை. அதைப் பற்றி விசாரித்தவர்களுக்கும் அவள் குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொன்னாள்.

குரல் உயர்ந்தது ஊர்வலத்தில் மட்டும். கம்ப்யூட்டர் வந்தால் ஆயிரம் குமாஸ்தாக்களின் சோறு போய்விடும் என்று அந்தக் காலத்தில் ஊரே கொதித்தது. அலுவலக யூனியன் செயலாளர் வேதாச்சலம் முன்னே நடக்க, "கம்ப்யூட்டர் சோல்பே நா!" என்று கிருஷ்ணம்மாளும் கத்திக்கொண்டு போனாள். நடக்காது, விடமாட்டோம் என்று அர்த்தம். அவள் மனதாரத்தான் கத்தினாள். யூனியன் இல்லையென்றால் பெண்களுக்குப் பிரசவ விடுப்புக்கூடக் கிடைத்திருக்காது என்பது அவளுக்குத் தெரியும். வேதாச்சலம் பேசினால் கல்லும் கொடி பிடிக்கும்.

ஆனால் கோஷத்துக்குப் பயந்து மிஷின் ஒன்றும் கப்பலேறி ஓடிவிடவில்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று வந்துகொண்டேதான் இருந்தது. பார்க் ஸ்ட்ரீட் பக்கத்து இங்கிலீஷ் பள்ளிகளில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கிவிட்டார்கள் என்று 1983-இல் பேப்பரில் படித்த அன்று, கிருஷ்ணம்மாள் காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாம வாசல்ல நின்னு மறிச்சிக்கிட்டு இருக்கோம். அவுக பிள்ளைக கொல்லைப் பக்கமாப் போயி நாற்காலியில உக்காந்திருச்சுக" என்றாள் பெத்துராஜிடம்.

"அதுக்கு நீ என்ன செய்யப் போற?"

"சோப்பு வார அட்டைப்பெட்டி எத்தனை கிடக்கு கடையில?"

லேக் கார்டன்ஸில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மார்க்கெட் கடைக்காரர்கள், ஹோட்டல் சமையற்காரர்கள், மாற்றலாகி வந்த அரசாங்க ஊழியர்கள் ஆகியோரின் பிள்ளைகள் படித்தார்கள். பெண்கள் பிளஸ் டூ முடித்தால் கல்யாணம். அது தள்ளிப்போனால் கல்லாப்பெட்டி. சனிக்கிழமை மத்தியானம் காலியாகக் கிடந்த ஓர் அறையை, கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கவென்று, கிருஷ்ணம்மாள் தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கினாள். முதல் வாரம் மூன்று பெண்கள் வந்தார்கள். துர்கா பூஜை விடுமுறைக்குள் பதினொரு பேர்.

கம்ப்யூட்டர்தான் இல்லை. அதற்கு அவள் என்ன செய்வாள்? சோப்பு அட்டையில் பஞ்ச் மிஷினின் விசைப்பலகையை அளவெடுத்து வரைந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். கையைப் பார்க்காமல் விரலை ஓட்ட வேண்டும்; பார்த்தால் கண்ணைக் கட்டிவிடுவாள். அலுவலகத்தில் கழித்துப் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்து துளைகளைப் படிக்கச் சொன்னாள். பெண்களையே மிஷினாக்கினாள். ஒருத்தி நினைவகம், ஒருத்தி கணக்குப் போடுபவள், இன்னொருத்தி கட்டளையைப் படிப்பவள். பெயர்களை அகரவரிசையில் அடுக்க வேண்டுமா? ஆளுக்கொரு பெயர்ச் சீட்டை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். பக்கத்தில் இருப்பவள் பெயரோடு ஒப்பிட்டு, முந்த வேண்டியவள் முந்துவாள்.

"தண்ணி இல்லாத குளத்துல நீச்சல் கத்துக் குடுக்கறாங்க" என்று பள்ளிக்கூட வாசலில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெண்கள் இரண்டு பேர் அடுத்த மாதமே மிஷினுக்கான ஒரு கட்டளைத் தொகுப்பை, புரோகிராமை, முழுசாக எழுதினார்கள். அப்புறம் சிரிப்புக் கொஞ்சம் அடங்கியது.

1984 ஜூலையில் அறிவிப்பு வந்தது. பொதுத்துறை நிறுவனம் ஒன்று டேட்டா என்ட்ரி பயிற்சிக்கு முப்பது பேரை எடுக்கிறது, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாலே போதும், எழுத்துத் தேர்வு. ஆனால் விண்ணப்பத்தோடு, 'கம்ப்யூட்டர் அடிப்படைப் பயிற்சி பெற்றவர்' என்று படித்த பள்ளியின் கமிட்டித் தலைவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வேண்டும். கடைசித் தேதி ஆகஸ்ட் இருபது.

பள்ளியின் கமிட்டித் தலைவர் வேறு யாருமில்லை, வேதாச்சலம்தான்.

"நானா? கம்ப்யூட்டருக்கா?" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். "கிருஷ்ணம்மா, நீ யூனியன் மெம்பர். இந்தக் கையால எத்தனை எதிர்ப்புத் தீர்மானத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்! ஒருத்தன் வேலைய அது பிடுங்காதுன்னு காட்டு பார்க்கலாம்."

"காட்டுதேன். நம்ம ஸ்கூல்ல எல்லா வகுப்பும் சேத்து இருநூத்திப் பன்னெண்டு பிள்ளைக. மொத்தமா ஒரு பேர்ப் பட்டியல் இருக்கா? எழுத ஆளு இல்லைன்னு வருசா வருசம் சொல்லுதீங்க. அதை மிஷின்ல போட்டு எடுத்தாறோம். யாரு வேலையும் போகாது. சரியா வந்தா கையெழுத்துப் போடுவீங்களா?"

"வரட்டும், பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்பதை அவள் சரி என்றே எடுத்துக்கொண்டாள். யூனியன்காரர் வாயில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். வேறு வழியில்லை.

டாக்குரியா தாண்டி ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் மையம் இருந்தது. அதன் பொறுப்பாளர் நிர்மல் பாபு ஒருகாலத்தில் அவள் அலுவலகத்தில் மிஷின் பழுது பார்க்க வந்தவர். வியாழக்கிழமைகளில் மத்தியானம் இரண்டு மணி நேரம் தருவதாகச் சொன்னார். அட்டைகளைக் கிருஷ்ணம்மாளே அங்கு உட்கார்ந்து துளைத்தாள், கட்டளைகளைப் பெண்கள் எழுதினார்கள். மிஷின் ஓடியது. நீளக் காகிதம் மடிப்பு மடிப்பாக இறங்கியது.

எல்லாப் பெயரும் இருந்தது, வரிசைதான் அலங்கோலம். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து வருகைப் பதிவேட்டில் முதல் பெயர் அன்னக்கிளிதான். அவள் இருநூற்று ஏழாவதாகக் கிடந்தாள். முனுசாமியின் மகள் சுந்தரி நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓ மா! மிஷின் கெட்டுப்போச்சு மாஷி" என்றாள் சுந்தரி. பெண்கள் கிருஷ்ணம்மாளை வங்காளி வழக்கப்படி மாஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் கிருஷ்ணம்மாள். காகிதத்தை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தாள். பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாள். வி. அன்னக்கிளி. மு. சுந்தரி. தமிழர் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து அல்லவா உட்கார்ந்திருக்கிறது? வகுப்பில் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது யாரும் சொல்லாமலே எல்லாரும் அந்த எழுத்தைத் தாண்டித்தான் படித்தார்கள். மிஷினுக்கு அப்பாவும் தெரியாது, மகளும் தெரியாது. முதலில் எந்த எழுத்து இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டு அவர்களின் அப்பாக்களை வரிசையில் நிறுத்தியிருந்தது.

அந்தப் பட்டியலைப் பார்த்த வேதாச்சலத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொண்ணுங்களைத் தூக்கி நிறுத்தப் போறேன்னியே, உன் மிஷினும் அப்பன் பேரைத்தானே முதல்ல பார்க்குது!"

"மிஷின் நாங்க சொன்னதைச் செஞ்சிருக்கு. தப்பு எங்களோடது. கண்டுபிடிச்சிட்டோம். இன்னொரு வியாழக்கிழமை இருக்கு." அவள் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

ஒருவருக்கு ஓர் எழுத்து, இன்னொருவருக்கு இரண்டு. ஆகவே குறுக்கு வழி கிடையாது. பெயரை முன்னாலும் அப்பாவின் எழுத்தைப் பின்னாலும் வைத்து, இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் புதிதாகத் துளைக்க வேண்டும். இந்தத் தடவை கிருஷ்ணம்மாள் மிஷினைத் தொடவில்லை.

"நீங்களே போடுங்கடி. ஆளுக்கு இருபது அட்டை" என்றாள்.

அன்னக்கிளி முதலில் உட்கார்ந்தாள். பத்து மாதமாக அட்டையில் வரைந்த கட்டங்களைத் தட்டிய விரல்கள் அவை. நிஜமான விசை கீழே இறங்கியதும் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். சத்தம் வேறு காதைப் பிளந்தது. மறுபடி வைத்தாள். மூன்றாவது அட்டையில் கண் கையை விட்டுக் காகிதத்துக்குப் போனது. ஏழாவது அட்டைக்குள் நிர்மல் பாபு தேநீர்க் குவளையோடு வந்து பின்னால் நின்றார்.

"அக்கா, இந்தப் பெண்கள் எந்த மிஷினில் கற்றார்கள்?" என்று வங்காளியில் கேட்டார்.

"சோப்புப் பெட்டியில்" என்றாள் கிருஷ்ணம்மாள். அவர் நம்பவில்லை. அவளுக்கு அன்றைக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. வராந்தாவுக்குப் போய் நின்றாள்.

அங்கேதான் ஷியாமளாவைப் பார்த்தாள். வேதாச்சலத்தின் மகள், போன வருஷம் அதே தமிழ்ப் பள்ளியில் படித்து முடித்தவள், தன் அட்டைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர் வரிசையில் நின்றிருந்தாள். ஆறு மாதப் படிப்பு, கட்டணம் கொஞ்சநஞ்சமில்லை.

"அத்தை, என்னைப் பார்த்ததா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்" என்றாள் அந்தப் பெண், முகம் வெளுத்து. "அப்பாதான் சேர்த்துவிட்டாரு. பாடாவுல, அக்கம்பக்கத்துல, தெரிஞ்சா அவருக்கு அசிங்கம்னு சொன்னாரு."

"நீயும் அந்தப் பரீட்சைக்கு எழுதிப் போடுதியா?"

"ஆமா."

"பள்ளிக்கூடத்து சர்ட்டிபிகேட்டு?"

"அப்பா வீட்லயே கையெழுத்துப் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காரு."

கிருஷ்ணம்மாளுக்குக் குரலே எழும்பவில்லை. ஊருக்கு உபதேசம் என்று கேள்விப்பட்டிருக்கிறாள்; இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. ஆனால் எதிரில் நின்ற பெண் அட்டைக்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவள் என்ன பாவம் செய்தாள்? அவளும் படிக்க வந்தவள்தான்.

"என் வாயால வராது. நீ நல்லாப் படி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பட்டியல் இறங்கியது. முதல் வரியில் அன்னக்கிளி இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கெடுவுக்கு முந்தின நாள், கமிட்டிக் கூட்டம். பெற்றோர்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். வேதாச்சலம் பட்டியலை விரலால் தடவித் தடவி மூன்று பக்கம் படித்தார். பிழை இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சரியாத்தான் இருக்கு. மறுக்கல. ஆனா இது கொள்கைப் பிரச்சினை. இன்னைக்குப் பேர்ப் பட்டியல், நாளைக்கு நம்ம பொழப்பு. தொழிலாளி வயித்துல அடிக்கிற மிஷினுக்கு இந்தப் பள்ளிக்கூடம் ஆள் தயார் பண்ணித் தராது. என் கை அதுல கையெழுத்துப் போடாது."

இரண்டு பேர் கைதட்டினார்கள். முனுசாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். சுந்தரியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை, தலையையும் குனியவில்லை.

கிருஷ்ணம்மாள் எழுந்து போய், தான் எழுதி வைத்திருந்த சான்றிதழ்க் கட்டை அவர் முன்னால் வைத்தாள். "பொழப்பு போயிரும்னு நானும் ஒங்க கூட நடந்தவதான். இப்பவும் கூப்பிடுங்க, வாரேன். ஆனா மிஷின் வந்த பொறகு அந்த நாற்காலி யாருக்குன்னு ஒரு கேள்வி இருக்குல்ல? அதுல எங்க பிள்ளைக உக்காரக் கூடாதுன்னு எந்தக் கொள்கையில எழுதியிருக்கு? படிச்சுப் பாருங்க. ஒண்ணு விடாமப் படிச்சிட்டு, வேண்டாம்னா கிழிச்சிப் போடுங்க."

சபையின் முன் படிக்காமல் கிழிக்க முடியாது. அலட்சியமாகப் புரட்டினார். அன்னக்கிளி. சுந்தரி. ஒன்பது, பத்து, பதினொன்று. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. பன்னிரண்டாவது. கிருஷ்ணம்மாளின் குண்டுக் கையெழுத்தில், வே. ஷியாமளா.

அவர் விரல் அதிலேயே நின்றது. பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவர் ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்தார்கள்.

கிருஷ்ணம்மாள் குனிந்தாள். அவள் குரல் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

"எல்லாத்துக்கும் போடுங்க தோழர். இல்ல, எதுக்கும் போடாதீங்க."

அவர் பேனாவைத் திறந்தார். பன்னிரண்டு தடவை கையெழுத்துப் போட்டார். கடைசித் தாளை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மற்ற பதினொன்றையும் அவள் பக்கம் தள்ளினார்.

"இது மிரட்டல், கிருஷ்ணம்மா" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆமா தோழர்" என்றாள் அவள். "பதினெட்டு வருசம் ஒங்க யூனியன்ல சும்மாவா இருந்தேன்?"