சோளகம் பாடிய பதினொரு பாட்டுகள்

போன கிழமை சுன்னாகத்துக்குப் போகிற வழியில் ஒரு முந்திரிகைத் தோட்டத்தைக் கண்டு மோட்டார்சைக்கிளை நிறுத்தினேன். திராட்சையைத்தான் நாங்கள் முந்திரிகை என்போம். பாயாசத்துக்குப் போடும் கொட்டையை நினைத்து நீங்கள் குழம்பவேண்டாம். பழுத்த குலைகளைக் குருவி கொத்தாமல் இருக்க, பந்தல் முழுக்கப் பழைய சீடிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலுக்கு அவை மினுங்கிச் சுழன்றன. நான் உள்ளே போய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன். யாரோ ஒருவரின் கலியாணவீடு, யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கணினிப் பாடம் பகுதி இரண்டு. தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"என்ன தம்பி தேடுறியள்?"

"ஒரு பாட்டுச் சீடி ஐயா."

"உதுகள் இனிப் பாடாது மோனை. குருவியை வெருட்டத்தான் சரி."

சிரித்தார். நானும் சிரித்தேன். நாற்பது வயது தாண்டிய மனிதன், வேலைநாளில், அடுத்தவனுடைய தோட்டத்தில் அண்ணாந்துகொண்டு நின்றால் யாருக்கும் சிரிப்பு வரும்தானே.

தேடியது எங்கள் சீடியை. 'எங்கள்' என்று சொல்ல இன்னமும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்கிறது, பிறகு வெட்கமாகவும் இருக்கிறது. சண்டை முடிந்து பாதை திறந்த முதல் சில வருடங்களில் குருநகரில் 'சோளகம்' என்று ஒரு றொக் இசைக்குழு இருந்தது. றெஜி என்பவன் மெட்டமைத்து லீட் கிற்றார் வாசித்தான். நான் பேஸ் கிற்றார். ட்ரம்ஸ் அடிக்கிறவன் மட்டும் அடிக்கடி மாறுவான். வெளிநாடு போக நிற்கிறவர்களுக்குத்தான் அந்த ஆசை வரும் போலும். முன்னுக்கு நின்று பாடியவள் ஜெசிந்தா. தகப்பன் கடலுக்குப் போகிறவர். பெயர் வைத்ததும் அவள்தான். "தெற்காலை சோளகக் காத்து அடிச்சா ஒருத்தரும் சும்மா இருக்கேலாது. எங்கடை பாட்டும் அப்பிடி இருக்கோணும்" என்றாள். ஒரு பெண் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு குதிப்பதா என்று ஊரில் கதைத்தார்கள். பிறகு அதே ஊர்தான் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது.

அந்த ஜெசிந்தாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பினாள். கழுத்தில் ஒரு துவாரம் இருக்கிறது, மெல்லிய துணியால் மறைத்திருப்பாள். கதைக்க நினைத்ததைப் போனில் தட்டி நீட்டுவாள். இரண்டு மாதத்துக்கு முன் அவளிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "உம்மட்டை எங்கடை பாட்டு ஏதும் இருக்கோ? என்ரை குரல் எப்பிடி இருந்ததெண்டு எனக்கே மறந்துபோச்சு."

மனிதருக்கு எதெதுவோ மறந்துபோகும். இது மறக்கக்கூடிய ஒன்று என்று எனக்கு அதுவரை தெரியாது.

குரல் அடியோடு இல்லை என்றும் சொல்லமுடியாது. அவளுடைய புருசன் அன்ரனின் போனில் பழைய குரல்செய்தி ஒன்று இருக்கிறது. "வரேக்கை ஒரு றாத்தல் பாண் வாங்கியாங்கோ." ரொட்டி வாங்கச் சொன்னது, அவ்வளவுதான். அதுவும் நோய் பிடித்த பிறகு பேசியது, அடைத்துப்போன குரல். அன்ரன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனால் அதைக் கேட்பாராம். அவளுக்குக் கேட்கப் பிடிக்காது. "உது நானில்லை" என்று தட்டிக் காட்டினாள்.

சண்டை முடிந்த அந்தக் காலத்தில் நான் குருநகர்ப் பக்கமாக ஒரு கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்தேன். திருத்த வருகிற போன்களைக் கழற்றினால் உள்ளே மீன் செதில் இருக்கும். சந்தையில் மீன் விற்கும் பெண்களின் போன்கள் அவை. எத்தனை தரம் கழுவினாலும் என் விரலில் சூடை மீன் வாசம் போகாது, வீட்டில் அம்மா முகத்தைச் சுழிப்பா. எங்களுடையது மரக்கறிச் சமையல் வீடு. இன்றைக்கும் சூடை பொரிக்கிற வாசம் வந்தால் எனக்குப் பசிப்பதில்லை, பாட்டுத்தான் ஞாபகம் வரும். றெஜியும் ஜெசிந்தாவும் அறிமுகமானதும் அந்தக் கடையில்தான்.

பாட்டுகளைக் கொக்குவிலில் ஒரு வீட்டின் பின்னறையில் பதிந்தோம். சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டியிருக்கும். சத்தம் வரும் என்று காற்றாடியை நிறுத்திவிடுவார்கள், வியர்வையில் கிற்றார் கம்பி வழுக்கும். அடுத்த வீட்டுக்காரர் கிணற்று மோட்டரைப் போட்டால் எல்லாரும் கைகட்டி இருக்கவேண்டியதுதான். முதல் சீடியில் நாலு பாட்டு. இரண்டாவதில் ஆறு. கடைசியாக, சீடியாக வராமல் வானொலிக்கு மட்டும் கொடுத்த தனிப்பாட்டு ஒன்று. ஆகப் பதினொன்று. அவ்வளவும் எங்கள் சம்பாத்தியம்.

சீடிகளை றெஜி வீட்டுக் கணினியிலேயே மலிவு வட்டுகளில் எழுதினோம். வெறும் வட்டு பார்க்க வடிவில்லை என்று, ஜெசிந்தாவின் முகம் போட்ட படத்தை அச்சடித்து மேலே பசைபோட்டு ஒட்டினோம். என்ன கெட்டித்தனம் பாருங்கள். எங்கள் ஊர் வெயிலுக்குப் பசை இளகி, படம் சுருண்டு, வட்டின் வெள்ளிப் பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால் கண்ணாடி மாதிரி ஒரு வட்டும், பக்கத்தில் சுருண்ட அவளுடைய முகமும் இருக்கும். என்னிடம் இருந்ததும் அப்படித்தான் போனது, அவளிடம் இருந்ததும் அப்படித்தான். விற்றது எல்லாம் ஒரே வருத்தம் பிடித்துச் செத்திருக்கவேண்டும்.

அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னப் பண்பலை வானொலி இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் ஊர்ப் பாட்டுகளில் முதல் பத்தை வரிசைப்படுத்திப் போடுவார்கள். நேயர்கள் குறுஞ்செய்தியில் வாக்களிக்கவேண்டும். எங்கள் முதல் பாட்டு 'நண்டுக்கால்' பத்தாம் இடத்தைக் குத்தகைக்கு எடுத்ததுபோல் கிழமைக்கணக்கில் அங்கேயே கிடந்துவிட்டு இறங்கிப்போனது. இரண்டாவது சீடியில் ஒன்று ஏழு வரை ஏறியது. கடைசியாகக் கொடுத்த 'உப்புத்தண்ணி'தான் எல்லாரையும் உலுக்கியது.

சந்தைப் பெண்களுக்குத் தமிழில் குறுஞ்செய்தி தட்டத் தெரியாது. சனிக்கிழமை மீன் விற்று முடிந்ததும் கூடையோடு நேரே கடைக்கு வந்துவிடுவார்கள். "தம்பி, எங்கடை பிள்ளைக்கு ஒரு வோட் போட்டுவிடுங்கோ" என்று ஈரக்கையால் போனை நீட்டுவார்கள். நான் ஒவ்வொன்றாகத் தட்டி அனுப்புவேன். முதலாளி பல்லைக் கடிப்பார். 'உப்புத்தண்ணி' எட்டாம் இடத்தில் நுழைந்தது. பிறகு நாலு, பிறகு இரண்டு. அந்தச் சனிக்கிழமை கடை வாசலில் மீன்கூடைகள் அடுக்கியிருக்க, அறிவிப்பாளர் இரண்டாம் இடம் என்று சொன்னதும் பெண்கள் போட்ட கூச்சலில் போலீஸ்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வாற கிழமை முதலாமிடம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை.

மழையா என்று எட்டிப் பார்த்தேன். நல்ல வெயில். கடைசியில் மேரியக்கா என்கிற மீன்காரி, போனுக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று வந்தா. வழக்கமாக முதல் ஆளாக வாக்குப் போடுகிறவ.

"அக்கா, வோட் போடேல்லையோ?"

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. "என்ன கதை கதைக்கிறியள் தம்பி! தவசுகாலம் துவங்கியாச்செல்லோ. இந்த நாளையிலை ஆரும் பாட்டுக்கு வோட் போடுவினமே? உயிர்த்த ஞாயிறு முடியட்டும், ஊரே சேர்ந்து போடுறம்."

புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு பலர் போனதைக் கண்டிருந்தேன். அதற்கும் எங்கள் பாட்டுக்கும் தொடுசல் இருக்கும் என்று சைவப் பிள்ளையான எனக்கு எப்படித் தெரியும்? விரதம் என்றால் எங்களுக்குச் சாப்பாட்டில்தான். உயிர்ப்புப் பெருநாள் வரை இவர்கள் வீட்டில் றேடியோவே பாடாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கத்தோலிக்கனான றெஜிக்கு எங்கே போனது புத்தி? பாட்டை வெளியிட நாள் பார்த்தபோது தைப்பொங்கலைப் பார்த்தான், பள்ளிக்கூடச் சோதனையைப் பார்த்தான், தன் சொந்தக் கோயிலின் கலண்டரை மட்டும் பார்க்கவில்லை. கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். ஜெசிந்தாவிடம் ஓடினோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நானே போடேல்லையடா. அம்மா போனைப் பூட்டி வைச்சிட்டா."

'உப்புத்தண்ணி' இரண்டிலிருந்து ஆறுக்கு, ஆறிலிருந்து ஒன்பதுக்கு, பிறகு வெளியே. அந்த வானொலியில் ஒரு விதி இருந்தது: வரிசையை விட்டு வெளியே போன பாட்டு திரும்பி வராது. உயிர்த்த ஞாயிறு முடிந்த சனிக்கிழமை, சொன்ன சொல் தவறாமல், கடைவாசலில் கூடைகள் நிறைந்துவிட்டன. எனக்கு அவர்களிடம் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. எல்லாருக்கும் தட்டி அனுப்பினேன். அறிவிப்பாளர் பத்துப் பாட்டையும் வாசித்து முடித்தபோது மேரியக்கா, "எங்கடை பிள்ளையின்ரை எங்கை?" என்று கேட்டா.

இடையில் பெரிய வெள்ளியன்று றெஜி என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனான். மின்சாரம் இல்லை, கிற்றார் இல்லை, மைக் இல்லை. இயேசு பட்ட பாடுகளின் பிரசங்கம் வாசிக்கிற இடையில் பெண்கள் சேர்ந்து புலம்பல் பாடினார்கள். ஒரு கட்டத்தில் மற்றவர்கள் நிறுத்த, ஜெசிந்தா தனியே எடுத்தாள். மகனைப் பறிகொடுத்த தாயின் பாட்டு. எத்தனையோ பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அந்த நிலத்தில் இருந்தார்கள். அவளுடைய குரலை உங்களுக்கு எப்படிச் சொல்ல? அடியில் ஒரு கரகரப்பு இருக்கும், மேலே போகப் போக அது தெளிந்துகொண்டு வரும். இல்லை, இது சரியில்லை. இரண்டு மாதமாக எழுதி எழுதி வெட்டுகிறேன், ஒவ்வொரு தரமும் அது இன்னும் தள்ளிப் போகிறது. எனக்கும் மறந்துகொண்டு வருகிறது என்பதுதான் உண்மை.

பிறகு எல்லாம் வழக்கம்போல. றெஜி பிரான்சுக்குப் போனான். அவள் அன்ரனைக் கட்டினாள், நான் சொந்தமாகக் கடை போட்டேன். அவள் கேட்ட அன்றே றெஜிக்குப் போன் எடுத்தேன். "அந்தக் கொம்பியூட்டரை அப்பவே வித்திட்டன் மச்சான். ஹார்ட் டிஸ்க் இஞ்சை கொண்டுவந்தது, செத்துப்போச்சு" என்றான். பிறகு சின்னக் குரலில், "அவளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டான். வானொலி கைமாறி, பெயர் மாறி, இப்போது அந்த இடத்தில் பல்வைத்தியர் இருக்கிறார். இணையத்தில் எங்கள் பாட்டுகளை ஏற்றி வைத்திருந்த ஒருவர் தன் கணக்கையே மூடிவிட்டார். பருத்தித்துறையில் ஒரு பழைய சீடிக்கடைக்காரரைப் பிடித்தேன், வட்டுகளை எப்போதோ குப்பைக்குப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் தோட்டம் தோட்டமாக அண்ணாந்து பார்க்கத் தொடங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மேசை லாச்சியில் ஒரு மெமரி காட் அகப்பட்டது. போட்டுப் பார்த்தால் 'உப்புத்தண்ணி'. ஆனால் அது பஸ்ஸில் போகும்போது கேட்டுப் பழகுவதற்காக றெஜி எனக்குத் தந்தது. குரல் பதிவதற்கு முன் எடுத்தது.

கொண்டுபோவதா விடுவதா என்று தெரியவில்லை. கொண்டுபோனேன். கதிரையில் அமர்ந்திருந்த அவளுக்கு முதலே சொன்னேன், இதில் உம்முடைய குரல் இல்லை என்று. தெரியும், போடும் என்று தலையாட்டினாள். பாட்டு தொடங்கியது. அவள் எடுக்கவேண்டிய இடம் வந்ததும் எடுத்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஒரு சொல் பிசகவில்லை, மூச்சு விடுகிற இடம்கூடப் பிசகவில்லை, கழுத்துத் துணி மட்டும் மெல்ல உப்பி உப்பி அடங்கியது. பாட்டுச் சத்தம் கேட்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அன்ரன் ஓடிவந்தார். வெளியில் கத்தி விளையாடிய பிள்ளைகளைப் பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டிவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். பாட்டு முடிந்தது. அவர் இன்னும் காத்துக்கொண்டு நின்றார்.

"அவ எப்ப அண்ணை பாடத் துவங்குவா?"

ஜெசிந்தா திரும்பப் போடச் சொல்லிக் கையால் காட்டினாள். போட்டேன். சோளகத்தில் மிஞ்சியது இவ்வளவுதான். அதில் றெஜி இருக்கிறான், ட்ரம்ஸ் அடித்த பெடியன் இருக்கிறான், நான் இருக்கிறேன். அவள் இல்லை.