மெக்கானிக்கை நிறுத்தும் சத்தம்

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரிதான் மெக்கானிக் பைக் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மனைவியை மலைப்பாதையில் கூட்டிப் போனாலும் எங்கும் நிறுத்த மாட்டான். பள்ளத்தாக்கெல்லாம் அவள் கண்ணில் பட்டு மறையும்.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன்!"

"எதுக்கு? வண்டி நல்லாத்தானே ஓடுது!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலும் இவனுக்கு இருப்புக்கொள்ளாதே! வீட்டுச் சாவியை எடுத்துப் பின்சீட்டுக் கம்பியில் டொக் டொக்கென்று தட்டினாள்.

உடனே பிரேக் போட்டான். ஸ்பேனரும் கையுமாக ஒவ்வொரு நட்டாகத் திருகிப் பார்த்தான். அவள் பாறையில் சாய்ந்து ஆசை தீரப் பள்ளத்தாக்கைப் பார்த்தாள்.

"எங்கேருந்து வருதுன்னே பிடிபடலையே," என்று புலம்பிக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

"கவலைப்படாதீங்க. அருவிகிட்ட போனதும் மறுபடி கேக்கும்," என்றாள்.